எம்டன் முதல் இணையவெளி வரை

2025ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆர்.கே.பேட்டைக் கடைவீதி வழியே நாம் திரும்பிக் கொண்டிருந்தோம். தெருக்களில் விசைத்தறிகளின் ஓசை வழக்கம்போல் ஒலித்துக் கொண்டிருந்தது. ஆனால், வங்கியின் ஏ.டி.எம். வாசலில் மட்டும் வழக்கத்துக்கு மாறாக நீண்டதொரு வரிசை நின்றது. அவ்வரிசையில் நின்றிருந்த தறி உரிமையாளர் ஒருவர், நமக்குப் பல்லாண்டுப் பழக்கமுள்ளவர், நம்மைக் கண்டதும் தம் கைப்பேசியை நீட்டினார்.

“பாய், இதைப் பாருங்க. பாகிஸ்தான்காரன் நம்ம பேங்க் கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டானாம். ரெண்டு மூணு நாளைக்கு ஏ.டி.எம். எல்லாம் மூடிடுவாங்களாம். நாளைக்குச் சனிக்கிழமை. தறி ஓட்டுறவங்களுக்குக் கூலி குடுக்கணும். நான் என்ன பண்றது?”

நாம் விடை கூறவில்லை. கூற நா எழவில்லை. காரணம் வேறொன்றுமன்று. அதே செய்தி அன்று காலை நம் கைப்பேசிக்கும் வந்திருந்தது. வந்ததை நாம் உடனே நம் உறவினர்க்கும், நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் அனுப்பி வைத்திருந்தோம். எவரையும் ஏமாற்றும் எண்ணம் நமக்கில்லை. நம்மவர் கையில் காசில்லாமல் திண்டாடக் கூடாதே என்ற பரிவுதான். அச்செய்தி பொய் என்று அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்தது. எனினும், அவ்வறிவிப்பு நம் ஊருக்கு வந்து சேருமுன்னர், வரிசையில் நின்றோர் எடுத்த எடுப்பில் அந்த ஏ.டி.எம்.மில் பணம் தீர்ந்து போயிற்று. பொய் தன்னைத் தானே மெய்யாக்கிக் கொண்டது!

அந்நாள்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக் கொண்டிருந்தன. மே 7ஆம் நாள் தொடங்கிய அம்மோதல் 10ஆம் நாள் நின்றது. எல்லை நம் ஊரிலிருந்து எத்தனையோ காத தூரத்தில் இருக்கிறது. ஒரு வானூர்தியும் இப்பக்கம் வரவில்லை. ஒரு குண்டும் விழவில்லை. ஆயினும் அப்போர் ஆர்.கே.பேட்டை நெசவாளியின் சனிக்கிழமைக் கூலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சென்றது. எந்த வழியாக வந்தது அது? இவ்வினா நம்மை உறங்க விடவில்லை. நூல்களைப் புரட்டினோம். நாடுகள் இணையவெளியில் இன்று நடத்தும் போருக்கு நீண்டதொரு வரலாறு உண்டென்பதையும், அவ்வரலாற்றில் நம் சென்னைக் கடற்கரைக்கும் ஒரு பங்குண்டென்பதையும் கண்டோம். கண்டதை வாசக அன்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூந்தலில் ஒளித்த கடிதம்

செய்தி செல்லும் பாதையைக் காப்பதும் கைப்பற்றுவதும் போரின் ஒரு பகுதி என்பது பழமையான உண்மை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றிக்கு முன்னர் நடந்த நிகழ்ச்சியை நம் வாசகர்கள் அறிவார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் மக்கா நோக்கிப் புறப்பட இருந்ததை ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) என்னும் தோழர் கடிதமாக எழுதி, ஒரு பெண்ணிடம் கொடுத்து மக்காவுக்கு அனுப்பிவிட்டார். அப்பெண் அதைத் தன் கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டு சென்றாள். அலி, ஸுபைர், மிக்தாத் (ரலி) ஆகியோர் ரவ்ளத்து காக் என்னுமிடத்தில் அவளை மறித்து, கடிதத்தைக் கைப்பற்றி மதீனா கொண்டு வந்தனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஹாதிப் (ரலி) அவர்கள் பகைவர் அல்லர். பத்ருப் போரில் பங்கு கொண்டவர். மக்காவில் காப்பாரின்றி இருந்த தம் குடும்பத்தாருக்கு ஏதேனும் பாதுகாப்புக் கிடைக்கட்டும் என்ற எண்ணத்திலேயே அவ்வாறு செய்ததாகக் கூறினார். அவர் கூறியதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் முழுமையாகக் கேட்டார்கள். கோபமுற்றிருந்தோரையும் அமைதிப்படுத்தி, அவரை மன்னித்தார்கள். குடும்பத்தின் மேலுள்ள பரிவு, ஒரு நல்ல மனிதரின் கையையே பகைவருக்குப் பயன்படும் கையாக ஆக்கிவிடக் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

கடிதத்தைப் பிறர் பறிக்கக் கூடும் என்ற அச்சமே மறைமொழியைத் தோற்றுவித்தது. மறைமொழியை உடைக்கும் கலையை முதன்முதல் முறைப்படுத்தி எழுதியவராக இன்று உலகம் ஏற்றுக்கொண்டிருப்பவர் அல்கிந்தி ஆவார். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அவர். ஒரு மொழியில் எந்தெந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், மறைத்தெழுதிய கடிதத்திலும் அதே கணக்கு வெளிப்படும் என்பது அவர் கண்ட நுட்பம். அரபியில் அலிஃபும் லாமும் மிகுதியாக வரும். மறைமொழிக் கடிதத்தில் எந்தக் குறி மிகுதியாக வருகிறதோ அது அவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்று தொடங்கி, ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம். இந்நூலின் கையெழுத்துப் படி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஸ்தான்புல் சுலைமானிய்யா நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஐரோப்பியர் மறைமொழிக்கு வழங்கும் ‘சைஃபர்’ என்ற சொல்லே, சுழியைக் குறிக்கும் ‘ஸிஃப்ர்’ என்ற அரபுச் சொல்லின் திரிபுதான். இன்று கணிப்பொறியின் மொழி முழுவதும் சுழியாலும் ஒன்றாலும் ஆனது என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

கடலடிக் கம்பியும் எம்டன் கப்பலும்

ஒற்றன் காலால் நடந்து சென்ற செய்தி, 19ஆம் நூற்றாண்டில் கம்பியில் ஏறிற்று. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாணிகம் செய்த நம் மரைக்காயர்களுக்கும் இராவுத்தர்களுக்கும் அது எத்துணைப் பெரிய மாற்றமாக இருந்திருக்கும்! பாய்மரக் கப்பல் வாரக்கணக்கில் சுமந்து வந்த செய்தி, இப்போது ஒரே நாளில் வந்து சேர்ந்தது. ஆனால் அக்கம்பிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. உலகக் கடல்களின் அடியில் ஓடிய கம்பிகளே அப்பேரரசின் நரம்புகள்.

1914 ஆகஸ்டு 4ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் தொடுத்தது. மறுநாள் அதிகாலையிலேயே ‘அலர்ட்’ என்னும் ஆங்கிலேயக் கப்பல், ஜெர்மனி வெளியுலகோடு பேசப் பயன்படுத்திய கடலடிக் கம்பிகளை வெட்டி எறிந்தது. இன்னும் படைகள் நேருக்கு நேர் மோதத் தொடங்கவில்லை. அதற்குள் செய்திப் பாதையில் முதல் அடி விழுந்துவிட்டது.

அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரைக்கு வந்தது. அரைமணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. குண்டு விழுந்ததன் நினைவாக ஒரு கல் இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. உயிரிழந்தோர் சிலரே. ஆனால் நகரத்தைப் பிடித்த அச்சம் சிறிதன்று. எம்டன் மீண்டும் வரும், படையிறக்கும் என்ற வதந்திகள் பரவின. மறுநாள் தொடங்கி ஆயிரக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரை விட்டு வெளியேறினர். எம்டன் திரும்பி வரவே இல்லை. ஆனால் அதன் பெயர் தமிழில் தங்கிவிட்டது. எவராலும் ஏமாற்ற முடியாத கெட்டிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோமல்லவா?

அந்த எம்டன் அழிந்ததும் செய்திக் கம்பியால்தான். 1914 நவம்பர் 9ஆம் நாள் அது இந்தியப் பெருங்கடலிலுள்ள கோகோஸ் தீவுகளுக்குச் சென்றது. அங்கேயிருந்த ஆங்கிலேயரின் தந்தி நிலையத்தை அழிப்பதே அதன் நோக்கம். ஏறத்தாழ ஐம்பது வீரர்கள் கரையிறங்கிக் கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்த்தனர். கடலடிக் கம்பியை வெட்டினர். ஆனால் அவர்கள் இறங்குமுன்பே, அயல்கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தியை நிலையத்தார் வானில் ஏற்றிவிட்டனர். அருகில் சென்று கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்து எம்டனைச் சிதைத்தது. ஒரே ஒரு வரிச் செய்தி ஒரு போர்க்கப்பலை அழித்தது.

கரையிறங்கிய வீரர்களின் கதை நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். தாய்க்கப்பலை இழந்த அவர்கள் அத்தீவிலிருந்த பாய்மரக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றிக் கொண்டு தப்பினர். அக்கப்பலின் பெயர் ‘ஆயிஷா’! அதில் சுமத்ரா சேர்ந்து, வேறு கப்பலுக்கு மாறி, 1915 ஜனவரியில் எமன் நாட்டின் ஹுதைதா அருகே இறங்கினர். ஜித்தா அருகே பதுவியரின் தாக்குதலுக்கு ஆளாகி, எஞ்சியோர் ஹிஜாஸ் இரயில் ஏறி, அவ்வாண்டு மே மாதம் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தனர். பிறர் செய்திக் கம்பியை வெட்டச் சென்றவர்கள், ஆறு மாத காலம் எச்செய்தியும் முறையாகக் கிட்டாமல் அலைந்தனர்.

கம்பியை வெட்டியதற்கு மற்றொரு விளைவும் இருந்தது. சொந்தக் கம்பி இல்லாத ஜெர்மனி பிறர் கம்பியில் பேச வேண்டியதாயிற்று. 1917 ஜனவரியில் ஜெர்மானிய வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன், அமெரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவைத் தூண்டும் இரகசியத் தந்தி ஒன்றை அவ்வாறு அனுப்பினார். ஆங்கிலேயர் அதை வழியிலேயே ஒற்றி எடுத்து, மறைமொழியை உடைத்துப் படித்துவிட்டனர். அமெரிக்கச் செய்தித்தாள்கள் மார்ச்சு 1ஆம் நாள் அதை வெளியிட்டன. ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்கா போரில் இறங்கிற்று. அல்கிந்தி தொடங்கி வைத்த கலை, ஒரு வல்லரசைப் போர்க்களத்துக்குக் கொண்டு வந்தது.

பாதையை வெட்டுதல், ஒட்டுக் கேட்டல், வதந்தியால் ஊரைக் கலைத்தல் ஆகியவை அன்றே இருந்த ஆயுதங்கள். கணிப்பொறி வந்தபின் நான்காவதாக ஒன்று சேர்ந்தது. அது பொறிக்கே பொய் சொல்லிப் பொறியைக் கெடுத்தல்.

பொறி சொன்ன பொய்

ஈரான் நாட்டின் நத்தன்ஸ் அணு நிலையத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழற்பொறிகள் ஆயிரக்கணக்கில் இயங்கின. அந்நிலையத்தின் கணிப்பொறிகள் வெளி இணையத்தோடு இணைக்கப்படவில்லை. ஆயினும் பையில் போட்டு எடுத்துச் செல்லும் பென்டிரைவ் வாயிலாக ‘ஸ்டக்ஸ்நெட்’ என்ற நச்சு நிரல் உட்புகுந்தது. அது சுழற்பொறிகளின் வேகத்தை மாற்றிச் சிதைத்தது. அதே வேளையில், கண்காணிப்போரின் திரையில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே காட்டிற்று. 2010இல் அந்நிரல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் சுழற்பொறிகள் சேதமுற்றதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்த செயல் இது என்று 2012இல் நியூயார்க் டைம்ஸ் ஏடு எழுதியது. அவ்விரு நாடுகளும் வெளிப்படையாக ஒப்புக் கொண்டதில்லை. ஈரானை நோக்கி எய்த அந்த அம்பு அங்கேயே நிற்கவில்லை. அது மிகுதியாகத் தொற்றிய நாடுகளில் ஈரானுக்கு அடுத்து இந்தோனேசியாவும் இந்தியாவும் இருந்தன.

2012 ஆகஸ்டு 15ஆம் நாள், ரமலானின் இறுதிப் பத்தில், சவூதி அரேபியாவின் அராம்கோ எண்ணெய் நிறுவனத்தில் ஏறத்தாழ 30,000 கணிப்பொறிகளின் பதிவுகள் அழிக்கப்பட்டன. எண்ணெய் எடுக்கும் பொறிகள் வேறு வலையில் இருந்தமையால் எண்ணெய் நிற்கவில்லை, அலுவலகமே நின்றது. அமெரிக்க அதிகாரிகள் ஈரானைச் சந்தேகித்தனர். ஈரான் மறுத்தது. இங்கேதான் இப்போரின் தனித்தன்மை இருக்கிறது. எம்டன் வந்தபோது, வந்தது எந்நாட்டுக் கப்பல் என்பதில் ஐயம் நீடிக்கவில்லை. இணையவெளியில் வரும் பகைவனுக்குக் கொடியில்லை. எய்தவன் எவன் என்று உறுதியாகச் சொல்ல மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஆண்டுகளாகும். சொன்ன பின்னும் அவன் ‘நானல்லேன்’ என்பான்.

பிறர் சண்டையில் நம் துறைமுகம் நின்ற வரலாறும் உண்டு. 2017 ஜூன் 27ஆம் நாள் உக்ரேன் நாட்டைக் குறிவைத்து ஏவப்பட்ட ‘நாட்பெட்யா’ என்னும் நச்சு நிரல், உலகெங்கும் பரவி, மெர்ஸ்க் என்ற டென்மார்க்குக் கப்பல் நிறுவனத்தின் கணிப்பொறிகளை முடக்கிற்று. அதனால் மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனத்தார் நடத்திய சரக்கு முனையமும் தடைப்பட்டது. ரஷ்ய இராணுவமே காரணம் என அமெரிக்காவும் பிரிட்டனும் 2018இல் குற்றஞ் சாட்டின, ரஷ்யா மறுத்தது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களையும், அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தையும் அருகே வைத்துக் கொண்டிருக்கும் நமக்கு இது கதையன்று, எச்சரிக்கை.

கூடங்குளத்தில் நடந்தது

நம் தமிழகத்துக்கே வருவோம். திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளத்தில் ரஷ்ய உதவியோடு அமைந்த அணுமின் நிலையத்தை அறியாதார் இலர். 2019 அக்டோபர் இறுதியில், அந்நிலையத்தின் கணிப்பொறி வலைக்குள் அயலார் நுழைந்துவிட்டனர் என்ற செய்தி சமூக வலைத்தளங்களில் பரவிற்று. அக்டோபர் 29ஆம் நாள் நிலையத்தின் சார்பில் மறுப்பு வெளியாயிற்று. நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணிப்பொறிகள் தனித்து நிற்பவை, அவற்றைத் தாக்க இயலாது என்று அதில் கூறப்பட்டது. ஆனால் மறுநாளே இந்திய அணுமின் கழகம் மற்றோர் அறிக்கை விடுத்தது. கழகத்தின் வலையில் நச்சு நிரல் காணப்பட்டது உண்மையே. கணிப்பொறிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பாகிய செர்ட்-இன் செப்டம்பர் 4ஆம் நாளே அதைத் தெரிவித்தது. நிர்வாகப் பணிகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஓர் ஊழியரின் கணிப்பொறியே பாதிக்கப்பட்டது. அணு உலையை இயக்கும் வலை அதனின்றும் தனித்தே இருந்தது என்பது அவ்வறிக்கையின் சாரம்.

அந்நிரல் ‘டிட்ராக்’ என்னும் வகையைச் சேர்ந்தது எனவும், வடகொரியாவோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ‘லாசரஸ்’ என்ற குழுவினர் கையாளும் கருவி எனவும் வல்லுநர் கூறினர்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, உலைக்கும் அலுவலகத்துக்கும் இடையே சுவர் எழுப்பியிருந்தமையால் பெருந்தீங்கு நேரவில்லை. சுவர் கட்டியவர்களின் முன்னறிவு பாராட்டத் தக்கது. இரண்டாவது, முதல்நாள் மறுப்பும் மறுநாள் ஒப்புதலும் மக்களின் நம்பிக்கையில் விரிசல் ஏற்படுத்தின. அரசு உண்மையைத் தாமதமாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும், அடுத்த முறை வதந்திக்கு ஒரு வாசல் திறந்து விடப்படுகிறது. ‘ஏ.டி.எம். மூடப்படாது’ என்று அரசு சொன்னபோதும் நம் ஊரில் சிலர் வரிசையை விட்டு விலகாமைக்கு இதுவும் ஒரு காரணமன்றோ?

குண்டு விழாமல் கலைந்த நகரம்

அராம்கோ தாக்கப்பட்ட அதே 2012 ஆகஸ்டு 15ஆம் நாள் மாலை, பெங்களூர் இரயில் நிலையத்தில் வேறொரு காட்சி அரங்கேறிற்று. வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த இளைஞர்களும் பெண்களும் கையில் கிடைத்ததைச் சுருட்டிக் கொண்டு கௌகாத்தி இரயிலில் ஏற முண்டியடித்தனர். அவ்வாண்டு ஜூலையில் அஸ்ஸாம் மாநிலம் கோக்ரஜார்ப் பகுதியில் போடோ மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டிருந்தது. அதற்குப் பழிவாங்க, ரமலான் முடிந்ததும் தென்னகத்து முஸ்லிம்கள் வடகிழக்கத்தியரைத் தாக்கப் போகிறார்கள் என்ற குறுஞ்செய்தி கைப்பேசி விட்டுக் கைப்பேசி பறந்தது. வேறெங்கோ, வேறெப்போதோ எடுத்த படங்களைத் திரித்து, கொடுமையின் சான்றுகள் எனப் பரப்பியிருந்தனர். சில நாள்களில் பல்லாயிரவர் பெங்களூரை விட்டு ஓடினர். பூனாவிலிருந்தும், ஹைதராபாத்திலிருந்தும், நம் சென்னையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சென்றனர்.

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் அவ்விரயில்கள் நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியைக் கடந்தே செல்கின்றன. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் ஏனைய ஆலைகளிலும் வெளிமாநிலத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். அவர்களுள் நோன்பு நோற்போரும் உண்டு. பூஜை செய்வோரும் உண்டு. ஒரே வரிசையில் நின்று உணவு வாங்குகின்றனர். எவனோ எழுதிய நான்கு வரி, அவ்வரிசையை ஒரே இரவில் இரண்டாகப் பிளக்க வல்லதாய் இருந்தது.

1914இல் குண்டு விழுந்தது, மக்கள் ஓடினர். 2012இல் ஒரு குண்டும் விழவில்லை, மக்கள் ஓடினர். நாடுகளின் போட்டி எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. ஆகஸ்டு 17ஆம் நாள் மைய அரசு, ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேற்பட்டோர்க்குக் குறுஞ்செய்தி அனுப்புவதற்குப் பதினைந்து நாள் தடை விதித்தது. திரித்த படங்களுள் பெரும்பாலானவை பாகிஸ்தானிலிருந்து ஏற்றப்பட்டவை என உள்துறைச் செயலாளர் அறிவித்தார். பாகிஸ்தான் அதை மறுத்துச் சான்று கேட்டது. அப்படம் எங்கிருந்து கிளம்பியதாயினும் ஆகட்டும். அதைக் கைக்குக் கை கடத்தி, பெங்களூரின் ஒவ்வோர் அறைக்கும் கொண்டு சேர்த்தவர்கள் அயல்நாட்டார் அல்லர், நம் நாட்டாரே. தோழன் தோழனுக்கும், அக்காள் தங்கைக்கும் பரிவோடு அனுப்பியதுதான் அச்செய்தி.

இதில் நம் சமுதாயத்துக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நோன்பு நோற்றுக் கொண்டு தம் வேலையுண்டு தாமுண்டு என்றிருந்த முஸ்லிம்கள், தாம் நினைத்தும் பார்க்காத கொலைக்குற்றத்துக்கு முன்கூட்டியே ஆளாக்கப்பட்டனர். முஸ்லிம் அமைப்புகள் முன்வந்து, அஞ்ச வேண்டா, போக வேண்டா என்று வேண்டுகோள் விடுத்தன. ஆகஸ்டு 20ஆம் நாள் பெருநாள் வந்தது, அமைதியாகக் கழிந்தது. யாரும் யாரையும் தாக்கவில்லை. ஓடியவர்களுள் பலர் பின்னர்த் திரும்பினர். எனினும், அண்டை வீட்டானை ஐயுற்று ஓர் இரவு கழித்த நினைவு எளிதில் அழியுமா?

சட்டமும் அதன் எல்லையும்

இப்போருக்கு விதி உண்டா என்று கேட்கலாம். நம் நாட்டில் 2000இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிறந்தது. 2004இல் செர்ட்-இன் அமைப்பு செயற்படத் தொடங்கிற்று. உலக அளவில், 2015இல் ஐக்கிய நாடுகள் சபையின் வல்லுநர் குழு சில நெறிகளை வகுத்தது. மின்சாரம், மருத்துவம் போன்ற உயிர்நாடிப் பணிகளை அமைதிக் காலத்தில் இணையவழித் தாக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் அந்நெறிகள் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவன அல்ல. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இணையக் குற்ற உடன்படிக்கையும் குற்றவாளிகளைப் பற்றியதே அன்றி, நாடுகளின் போரைப் பற்றியதன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாக்குதல் எது, விபத்து எது என்றே பல வேளைகளில் பிரித்தறிய முடிவதில்லை. 2025 செப்டம்பரில் ஜித்தா அருகே செங்கடலின் அடியில் கம்பிகள் அறுந்தன. அவற்றுள் ஒன்று, 2005 முதல் சென்னையை மேற்கு உலகோடு இணைக்கும் ‘சீ-மீ-வீ 4’. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இணைய வேகம் குன்றிற்று. ஒருசேரத் துன்புற்றவை, நான்கு மாதங்களுக்கு முன் மோதிக் கொண்ட அதே இரு நாடுகள்! கப்பல் நங்கூரம் இழுத்திருக்கலாம் என்றே வல்லுநர் பலர் கருதினர். ஆயினும் அன்று நம் கைப்பேசிகளில் உலவிய கற்பனைகளுக்கு அளவே இல்லை.

அறுந்த இழை

அணு உலைக்கு அரசு சுவர் எழுப்பலாம். துறைமுகத்துக்கு நிறுவனம் காவல் வைக்கலாம். நம் உள்ளங்கையிலுள்ள கைப்பேசிக்கு யார் காவல்? ஒரு தீயவன் கொண்டு வரும் செய்தியை ஆராய்ந்து தெளியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தும் நிலையைப் பற்றி, ஸூரத்துல் ஹுஜுராத் நமக்கு எச்சரிக்கை செய்கிறது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியின் வாசகத்தை மட்டும் பாராமல், அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் எனச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தனர். ஒரு கண்ணி அறியப்படாதவராயின் அச்செய்தியைப் பலவீனமானதென ஒதுக்கினர். அக்கலையை மாணவர்க்கு முப்பதாண்டுகளாகக் கற்பித்து வரும் நாம், ‘பலருக்கு அனுப்பப்பட்டது’ என்ற குறிப்போடு வந்த செய்தியை, இஸ்னாது கேளாமல் கடத்தினோம். கற்பித்தது ஏட்டிலே, கை வேறிடத்திலே! இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

அந்த வெள்ளிக்கிழமை அஸ்ருத் தொழுகைக்குப் பின் நாம் இரண்டு காரியங்கள் செய்தோம். காலையில் அனுப்பியவர்களுக்கெல்லாம், ‘நாம் அனுப்பியது பொய், ஆராயாமல் அனுப்பியது நம் பிழை’ என்று எழுதினோம். பின்னர் தறி உரிமையாளரின் வீட்டுக்கே சென்று நடந்ததைக் கூறினோம். அவர் சிரித்துவிட்டு, “விடுங்க பாய், எனக்கு அனுப்பினது என் மச்சான்தான். அவனும் நல்லதுக்குத்தானே அனுப்பினான்” என்றார். மறுநாள் கூலியைத் தெரிந்த கடைக்காரரிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்துச் சமாளித்ததாகப் பின்னர் அறிந்தோம்.

அவர் தறிக்கூடத்தில் நாம் நின்றிருந்தபோது ஒரு தறி சட்டென நின்றது. பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. ஓட்டியவர் பதறவில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, முடிச்சிட்டு, சரிபார்த்த பின்னரே தறியை மீண்டும் ஓட விட்டார். அறுந்தது தெரியாமல் ஓட்டினால் துணி முழுவதும் பழுதாகும் என்றார்.

நாடுகள் போட்டியிடும். வல்லரசுகள் ஒன்றையொன்று ஒட்டுக் கேட்கும். ஒன்றன் பொறியை மற்றொன்று கெடுக்கும். அவற்றைத் தடுக்கும் ஆற்றல் நமக்கில்லை. ஆனால், ஓர் ஊரார் மற்றோர் ஊராரை நம்பி வாழும் வாழ்வு என்னும் துணி நம் கையில்தான் நெய்யப்படுகிறது. அடுத்த செய்தி வரும்போது, அனுப்புமுன் ஒரு கணம் தறியை நிறுத்துவோமாக. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று கேட்போமாக. நம் பிள்ளைகளுக்கும் அதையே கற்பிப்போமாக. வல்ல இறைவன் அதற்கு அருள் புரிவானாக!